பிள்ளை பெற்ற வீட்டிலிருந்து மூன்று கடிதங்கள்

கேள்வி: என் மனைவிக்குச் சிசேரியன் மூலம் பெண் குழந்தை பிறந்து ஐந்து நாட்கள் ஆகின்றன. பிறந்தபோது 3 கிலோ இருந்த எடை, மூன்றாம் நாள் 2 கிலோ 800 கிராமாகக் குறைந்திருந்தது. இரவெல்லாம் குழந்தை அழுகிறது. பால் போதவில்லை, பவுடர் பால் கொடுங்கள் என்கிறார் என் தாயார். சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைத்தால் அடங்கிவிடும் என்கிறார் என் மாமியார். இருவருக்கும் நடுவில் மனைவி ஒன்றும் பேசாமல் கண்ணீர் விடுகிறாள். நான் என்ன செய்வது?
— வாசகர், திண்டுக்கல்

பதில்: முதலில் எடையைப் பற்றிய பயத்தை விடுங்கள். பிறந்த குழந்தை முதல் சில நாட்களில் தன் எடையில் பத்தில் ஒரு பங்கு வரை இழப்பது இயல்பு. இரண்டு வாரங்களுக்குள் அதைத் திரும்பப் பெற்றுவிடும். உங்கள் மகள் இழந்திருப்பது அந்த அளவுக்குள்தான். இப்போது மறுபடியும் ஒருமுறை எடை பார்த்து, மேலும் குறையவில்லை என்பதை மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள்.

அடுத்தது பால். முதல் நாள் குழந்தை ஒரு வேளைக்குக் குடிப்பது ஒரு தேக்கரண்டி அளவே இருக்கும். அதற்கு ஏற்ற அளவில்தான் சீம்பாலும் சுரக்கிறது. மார்பு கனத்துப் பால் பெருகுவது மூன்றாம், நான்காம் நாட்களில். அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு அது ஒரு நாள் தள்ளிப் போகலாம். குழந்தை எவ்வளவு சப்புகிறதோ அவ்வளவு சுரக்கும் என்பதால், ஒரு நாளைக்கு எட்டு முதல் பன்னிரண்டு முறை வரை, இரவிலும், மார்பில் போடத்தான் வேண்டும். சர்க்கரைத் தண்ணீர் அந்தச் சிறிய வயிற்றை நிரப்பிவிடுகிறது; நிறைந்த குழந்தை சப்புவதில்லை; சப்பாததால் பால் குறைகிறது. அதற்குப் பிறகுதான் "பால் போதவில்லை" என்ற சொல் உண்மையாகிவிடுகிறது. நோய்த்தொற்றுக்கும் அது வழி. சேனை தொடுவதாகச் சொல்லித் தேன் வைப்பதும் கூடவே கூடாது.

போதுமா, போதாதா என்பதை அழுகையை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஈரத் துணிகளை எண்ணுங்கள். ஐந்தாம் நாளிலிருந்து ஒரு நாளில் ஆறு முறையாவது சிறுநீர் போக வேண்டும். தார் போன்ற கரும்பச்சை மலம் மஞ்சளாக மாறியிருக்க வேண்டும். ஒரு நாள் இரவு அறையில் மின்விசிறியை நிறுத்திவிட்டு மனைவியின் அருகில் உட்காருங்கள்: இரண்டு மூன்று முறை சப்பிவிட்டு, ஒரு கணம் நின்று, "க்" என்று விழுங்கும் சிறிய ஒலி கேட்கும். அந்த ஒலியும் ஆறு ஈரத் துணிகளும் இருந்தால் பவுடர் பாலுக்குத் தேவையே இல்லை. ஈரம் குறைந்தாலோ, குழந்தை பால் குடிக்க எழாமல் துவண்டு கிடந்தாலோ, உடல் சுட்டாலோ, மஞ்சள் நிறம் கை கால்களுக்குப் பரவினாலோ உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். அப்போது மருத்துவர் பவுடர் பால் கொடுக்கச் சொன்னால் அது தாயின் தோல்வி அல்ல, தயங்காமல் கொடுங்கள்.

உங்கள் தாயாரும் மாமியாரும் அன்பினால்தான் பேசுகிறார்கள். அவர்களுடைய பூண்டுக் குழம்பும் பால்சுறாப் புட்டும் நல்ல உணவு. ஆனால் பத்தியம் என்று தண்ணீரைக் குறைக்க விடாதீர்கள். பேச வேண்டியவர் நீங்கள். "டாக்டர் தாய்ப்பால் மட்டும் கொடுக்கச் சொல்லியிருக்கிறார், நான் துணிகளை எண்ணிப் பார்த்துக்கொள்கிறேன்" என்று இருவரிடமும் நீங்களே சொன்னால் அந்தப் பாரம் பச்சை உடம்புக்காரியின் தலையிலிருந்து இறங்கிவிடும்.

கேள்வி: தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்த மகள், குழந்தை பிறந்து பதினாறு நாட்கள் ஆகியும் சிரிப்பதில்லை. குழந்தை உறங்கும்போதுகூட விழித்தே கிடக்கிறாள். "என்னால் இதை வளர்க்க முடியாது" என்கிறாள். உறவினர்கள் திருஷ்டி என்கிறார்கள்.
— ஒரு தாய், திருநெல்வேலி

பதில்: அம்மா, பிரசவமான சில நாட்களில் காரணமில்லாமல் அழுவது மிகப் பலருக்கு வருவது, பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் தானாகவே அடங்கிவிடும். உங்கள் மகளுக்கு அந்தக் காலம் கடந்துவிட்டது; குழந்தை உறங்கும்போதும் உறக்கம் வரவில்லை என்பதையும் சேர்த்துப் பார்த்தால், இது பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வாக இருக்கக்கூடும். இது மருத்துவத்தால் தீரும் நோய். அவள் கெட்ட தாய் என்பதற்கு அடையாளம் அல்ல. திருஷ்டி கழிப்பதானால் கழித்துக்கொள்ளுங்கள், ஆனால் இந்த வாரமே மருத்துவரிடமும் அழைத்துச் செல்லுங்கள். தாய்ப்பாலை நிறுத்தாமலேயே உட்கொள்ளக்கூடிய மருந்துகள் உண்டு. 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) தொலைபேசி எண்ணில் இரவு பகல் எந்நேரமும் இலவசமாகப் பேசலாம். தன்னையோ குழந்தையையோ ஏதாவது செய்துவிடத் தோன்றுகிறது என்றாலோ, காதில் குரல் கேட்கிறது என்றாலோ ஒரு மணி நேரமும் தாமதிக்காதீர்கள், தனியாகவும் விடாதீர்கள். மருத்துவரைப் பார்க்கும்வரை, இரவில் ஒரு வேளைப் பாலைப் பீய்ச்சி வைத்துச் சங்கடையாலோ கரண்டியாலோ நீங்கள் கொடுத்து, அவளைத் தொடர்ந்து நான்கைந்து மணி நேரம் படுக்க வையுங்கள்.

கேள்வி: தங்கை வந்த நாளிலிருந்து என் மூன்று வயது மகன் அவளைக் கிள்ளுகிறான், படுக்கையையும் நனைக்கிறான்.
— வாசகி, தாம்பரம்

பதில்: மடியை இழந்த பிள்ளை அது, அடிக்காதீர்கள். "நீ இனிப் பெரியவன்" என்ற சொல்லைச் சில வாரங்களுக்கு வீட்டில் யாரும் சொல்ல வேண்டாம். பாப்பாவையும் அவனையும் இப்போதைக்குத் தனியாக விடாதீர்கள். தினமும் பதினைந்து நிமிடம் பாப்பாவை அப்பாவிடம் கொடுத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, அவனுக்கு நீங்களே சோறு ஊட்டுங்கள்.