தனுஷ்கோடிக்குப் போக எது நல்ல வழி? வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: முழங்கால் வலியுள்ள மாமியார், இரண்டு பிள்ளைகளோடு ராமேஸ்வரம், தனுஷ்கோடி இரண்டையும் ஒரே நாளில் பார்த்துத் திரும்ப முடியுமா? ரயிலா, பஸ்ஸா? – திருமங்கலம் வாசகி

முடியும். பெரியவரோடு என்றால் ரயில்தான். காலை ஏழு மணியை ஒட்டி மதுரையில் கிளம்பும் பாசஞ்சரில் ஏறினால், பதினொன்று வாக்கில் ராமேஸ்வரம். வண்டியிலேயே கழிப்பறை இருக்கும், அவர் காலை நீட்டி உட்காரலாம். அட்டவணை மாறும் என்பதால் முதல் நாளே ரயில்வே விசாரணை எண் 139-க்கு அடித்து நேரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் டிக்கெட்டை முதல் நாளே எடுத்துவிடாதீர்கள். மதுரை – ராமேஸ்வரம் 161 கி.மீ. 200 கி.மீ.க்குக் குறைந்த தூரத்துக்கான முன்பதிவில்லா டிக்கெட், எடுத்த 3 மணி நேரத்துக்குள் அல்லது அதற்குப் பிறகு வரும் முதல் வண்டி கிளம்புவதற்குள் பயணத்தைத் தொடங்கினால்தான் செல்லும். நேற்று எடுத்த டிக்கெட்டோடு ஏறினால் அபராதம் கட்ட வேண்டிவரும்.

இறங்கியதும் நேரே கோயிலுக்குப் போய்விடுங்கள். பகல் 1 மணிக்கு நடை சாத்தினால் 3 மணிக்குத்தான் திறப்பார்கள். அந்த இடைவெளியை தனுஷ்கோடிக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஆட்டோ என்றால் தனுஷ்கோடியின் கடைசி முனையான அரிச்சல்முனை வரை போய்வர, காத்திருப்பும் சேர்த்து ஒரே தொகையாகப் பேசி ஏறுங்கள். "ராமர் பாதம், கோதண்டராமர் கோயில்" என்று இடங்களைக் கூட்டிக்கொண்டே போனால் கடலைப் பார்க்க நேரம் மிஞ்சாது. 22 தீர்த்தமும் ஆடுவதாக இருந்தால் ஒரே நாளில் இரண்டும் நடக்காது. முனையில் ஒதுங்க நிழலே கிடையாது. குடை காற்றில் மடங்கிவிடும். தலைக்குத் துண்டும் ஆளுக்கொரு தண்ணீர் பாட்டிலும் போதும்.

ஆடி, புரட்டாசி, தை அமாவாசை நாட்களில் மட்டும் இந்தத் திட்டம் வேண்டாம். அன்று பாசஞ்சரில் நிற்கவே இடம் கிடைக்காது.

கேள்வி: ரயிலிலேயே தனுஷ்கோடி வரை போக முடியாதா? – சோழவந்தான்

முடியாது. 1964 டிசம்பர் புயலில் போன தண்டவாளம் திரும்பப் போடப்படவில்லை. ராமேஸ்வரம்தான் கடைசி நிலையம். புதிய பாம்பன் பாலம் 2025 ஏப்ரல் 6-இல் திறக்கப்பட்டதால், 2022 டிசம்பரிலிருந்து பாலத்துக்கு இந்தப் பக்கம் உள்ள மண்டபம் நிலையத்தோடு நின்ற வண்டிகள் மறுபடி தீவுக்குள் வருகின்றன.

கேள்வி: சொந்தக் காரில் போகிறோம். எதில் கவனம் வேண்டும்? – மேலூர்

ராமேஸ்வரம் வரை பெரிய சிரமம் இல்லை. மதுரை விரகனூர் ரவுண்டானாவிலிருந்து பரமக்குடி வரை நாலுவழி, அதன்பின் ராமநாதபுரம் வரை இருவழி. நாலுவழியில் வந்த வேகத்திலேயே ஓவர்டேக் செய்யப் பார்ப்பதுதான் அங்கே ஆபத்து. திருப்பாச்சேத்தி, போகலூர் இரண்டிலும் சுங்கச்சாவடி உண்டு. ஃபாஸ்டேகில் பணம் இருக்கட்டும். மூன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

சிக்கல் கடைசி 20 கி.மீ.யில்தான். பெட்ரோலை ராமேஸ்வரத்திலேயே நிரப்பிவிடுங்கள். சாயங்காலமானால் சோதனைச்சாவடியில் உள்ளே விடமாட்டார்கள், ஆகவே 3 மணிக்குள் அதைத் தாண்டிவிட வேண்டும்.

தார்ச்சாலையை விட்டு ஒரு சக்கரத்தைக்கூட இறக்காதீர்கள். சாலையோர மணல் மேலே காய்ந்து, கெட்டியாகத் தெரியும். அந்தப் பொருக்கு விரலளவுதான், அடியில் பொலபொலவென்று இருக்கும். சிக்கியதும் எல்லோரும் செய்யும் தவறு ஆக்சிலரேட்டரை மிதிப்பது. சக்கரம் சுற்றச் சுற்றக் குழி ஆழமாகி, வண்டியின் அடிவயிறு மணலில் உட்கார்ந்துவிடும். அப்புறம் கயிறு கட்டித்தான் இழுக்க வேண்டும்.

உடனே எஞ்சினை நிறுத்தி ஆட்களை இறக்குங்கள். டயருக்கு முன்னும் பின்னும் கையால் மணலை வாரி, வால்வு ஊசியை அழுத்தி, ஓட்டும் சக்கரங்களில் காற்றை 18–20 பிஎஸ்ஐ வரை குறையுங்கள். டயர் அகன்று மணலைப் பிடிக்கும். ஸ்டியரிங்கை நேராக வைத்து, வந்த தடத்திலேயே ரிவர்ஸில் மெதுவாக எடுங்கள். கால்மிதிகளை டயருக்கு அடியில் செருகினால் பிடிப்பு கூடும். ஏறியபின் மெல்ல ஓட்டி வந்து ராமேஸ்வரத்தில் காற்று அடித்துவிடுங்கள்.

வீடு திரும்பியதும் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் கழுவ மறக்காதீர்கள். உப்புக்காற்று பிரேக்கையும் சைலன்சரையும் அரித்துவிடும்.

கேள்வி: மதுரை விமான நிலையத்தில் இறங்கும் உறவினர்கள் ஊருக்குள் வராமல் பஸ் பிடிக்க முடியுமா? – அவனியாபுரம்

முடியும். டாக்சியில் ரிங் ரோடு வழியே விரகனூர் ரவுண்டானாவுக்கு வந்து நிற்கட்டும். மாட்டுத்தாவணி பஸ் நிலையத்திலிருந்து வரும் ராமேஸ்வரம் பஸ் அந்தப் பக்கமாகத்தான் போகும். மானாமதுரை ஊருக்குள் போகுமா, பைபாஸா என்று நடத்துநரிடம் கேட்டு ஏறுங்கள். உட்கார இடம் உறுதியாக வேண்டுமென்றால் மாட்டுத்தாவணிக்கே போய்விடுவது மேல்.

கேள்வி: பிள்ளைகள் கடலில் குளிக்க ஆசைப்படுகிறார்கள். அரிச்சல்முனையில் இறக்கலாமா? – உசிலம்பட்டி

இறக்கவே கூடாது. இரண்டு கடலும் சேரும் இடத்தில் நீரோட்டம் காலடி மணலையே உருவி எடுத்துவிடும். நீச்சல் தெரிந்தவர்களுக்கும் அது பொல்லாத இடம். குளிக்க வேண்டுமென்றால் ராமநாதபுரம் தாண்டி உச்சிப்புளியில் இறங்கி, ஆட்டோவில் அரியமான் கடற்கரைக்குப் போங்கள். சவுக்குத் தோப்பு நிழல் உண்டு. பாக் நீரிணைப் பக்கம் என்பதால் அலை குறைவு. பெரியவர் ஒருவர் இடுப்பளவுத் தண்ணீரில், பிள்ளைகளுக்கும் ஆழத்துக்கும் நடுவே நிற்கட்டும்.