பூமியின் உள்வெப்பம் தட்டுகளை எப்படி நகர்த்துகிறது? எரிமலைக் குழம்பு எங்கிருந்து வருகிறது?

"அடியில் இருக்கும் குழம்பு கொதிப்பதால்தானே மேலே மிதக்கும் தட்டுகள் நகர்கின்றன?" என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. தட்டுகளுக்கு, அதாவது பூமியின் வெளிப்பகுதி பிரிந்திருக்கும் பெரிய பாறைப் பலகைகளுக்கு, அடியில் குழம்புக் கடல் எதுவும் கிடையாது. மேலோட்டுக்குக் கீழிருந்து 2,890 கி.மீ. ஆழம் வரை உள்ள மேன்டில் திடப்பாறை. திரவத்தில் பரவவே முடியாத எஸ் அலைகள் நிலநடுக்கத்தின்போது மேன்டில் முழுவதையும் ஊடுருவிச் செல்கின்றன. மேன்டிலுக்குக் கீழே உள்ள வெளிக்கருவைத் தொட்டதும் நின்றுவிடுகின்றன. முழுக்க உருகிக் கிடக்கும் அடுக்கு அது ஒன்றுதான். அங்கே இருப்பது பெரும்பாலும் இரும்பு, அது எரிமலை வழியாக வெளியே வருவதில்லை.

பூமிக்குள்ளிருந்து வெளியேறும் வெப்பம் மொத்தம் சுமார் 47 டெராவாட் (ஒரு டெராவாட் என்பது ஒரு லட்சம் கோடி வாட்). ஏறக்குறையப் பாதி யுரேனியம், தோரியம், பொட்டாசியம்-40 ஆகியவற்றின் கதிரியக்கச் சிதைவில் பிறக்கிறது. மீதி, பூமி உருவானபோது சேர்ந்த வெப்பம். அது இன்னும் ஆறி முடியவில்லை. பாறை வெப்பத்தை மிக மோசமாகக் கடத்தும். கடத்தலை மட்டும் நம்பியிருந்தால், மேன்டிலின் அடியில் உள்ள வெப்பம் மேலே வந்து சேர பூமியின் வயதே போதாது. அதனால் பாறையே நகர்ந்து வெப்பத்தைச் சுமந்து வருகிறது. பனியாறு திடமாக இருந்துகொண்டே மலைச்சரிவில் வழிகிறதல்லவா, அதுபோலத்தான். வேகம் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர்.

இனித் தட்டுகள். பாறை நகர்ந்து வெப்பத்தைச் சுமக்கும் இந்த வெப்பச்சலனத்தின் மேலே சவாரி செய்யும் பயணிகளாக அவற்றை நினைக்க வேண்டாம். சலனத்தின் குளிர்ந்த மேல் அடுக்கே தட்டுதான். தட்டுகள் விலகும் கடலடி மலைத்தொடரான நடுக்கடல் முகட்டில் பிறக்கும்போது கடல்தரை சுமார் 2.5 கி.மீ. ஆழத்தில் இருக்கும். முகட்டைவிட்டு விலக விலக அது ஆறி, தடித்து, சுருங்கி, 5.5 கி.மீ. ஆழத்துக்கும் கீழே இறங்குகிறது. சில கோடி ஆண்டுகளில் அடியில் உள்ள சூடான மேன்டிலைவிட அடர்த்தியாகிவிடும். அகழியில், அதாவது ஒரு தட்டு இன்னொன்றின் அடியில் மூழ்கும் ஆழ்கடல் பள்ளத்தில், ஒருமுறை வளைந்து உள்ளே போய்விட்டால், அழுத்தத்தில் அதன் பசால்ட் என்ற எரிமலைப் பாறை, எக்லோகைட் என்ற அடர்ந்த பாறையாக மாறுகிறது. அடர்த்தி கன சென்டிமீட்டருக்குச் சுமார் 3 கிராமிலிருந்து 3.5 கிராம் வரை ஏறுகிறது. சுற்றியுள்ள மேன்டிலுக்கோ சுமார் 3.3தான். எனவே மூழ்கும் பகுதி, பின்னால் உள்ள தட்டு முழுவதையும் இழுக்கிறது. தட்டுகளை நகர்த்தும் விசைகளில் பெரியது இந்த இழுவைதான். முகட்டின் தள்ளுவிசை சிறியது. மூழ்கும் விளிம்பு நீளமாக உள்ள பசிபிக் தட்டு ஆண்டுக்கு 7 முதல் 10 செ.மீ. நகர்கிறது. அப்படி இழுக்க பெரிதாக எதுவுமில்லாத ஆப்பிரிக்கத் தட்டு 2 முதல் 3 செ.மீ.தான் நகர்கிறது.

திடப்பாறை என்றால் குழம்பு எப்படி வருகிறது? பெரும்பாலும் யாரும் அதைக் கூடுதலாகச் சூடாக்குவதில்லை. மேன்டில் பாறையின் உருகத் தொடங்கும் வெப்பநிலை, அழுத்தம் இல்லாத மேற்பரப்பில் சுமார் 1,120 டிகிரி செல்சியஸ். ஆழம் கூடக் கூட கிலோமீட்டருக்கு 3 முதல் 4 டிகிரி உயரும். முகட்டுக்குக் கீழே எழும் பாறையோ கிலோமீட்டருக்கு அரை டிகிரிகூட இழப்பதில்லை. 100 கி.மீ. ஆழத்தில் அது சுமார் 1,400 டிகிரியில் திடமாகவே இருக்கும், ஏனென்றால் அங்கே உருக 1,450-க்கு மேல் வேண்டும். 60, 70 கி.மீ. ஆழத்துக்கு ஏறி வந்ததும் உருகுநிலை அதன் வெப்பநிலைக்குக் கீழே இறங்கிவிடுகிறது, உருகல் தொடங்குகிறது. உருகுவதும் 10 முதல் 20 சதவீதம்தான். அது கசிந்து மேலே திரண்டு 6, 7 கி.மீ. தடிமனுள்ள கடல் மேலோடாகிறது. ஹவாயில் நடப்பதும் இதே அழுத்தக் குறைவு உருகல்தான். ஆனால் அங்கே எழும் பாறை வழக்கத்தைவிடச் சூடானது.

அகழிகளின் ஓரம் கதை வேறு. அங்கே உள்ளே போவது குளிர்ந்த தட்டு, ஆனாலும் எரிமலை வரிசை! காரணம் நீர். தட்டின் கனிமங்களில் பிணைந்திருக்கும் நீர், சுமார் 100 கி.மீ. ஆழத்தை எட்டுவதற்குள் பிழியப்பட்டு மேலே உள்ள மேன்டிலுக்குள் புகுந்து, அதன் உருகுநிலையைப் பல நூறு டிகிரி குறைத்துவிடுகிறது. ஜப்பான், ஆண்டிஸ், இந்தோனேசியா எல்லாம் இப்படித்தான். அதே நீர் குழம்பிலும் கரைந்திருப்பதால், மேலே வரும்போது ஆவியாகப் பிரிந்து வெடிக்கிறது. 1991-இல் பிலிப்பைன்ஸின் பினடுபோ எரிமலை வெடித்ததற்கும் ஹவாயில் குழம்பு அமைதியாக வழிவதற்கும் உள்ள பெரிய வேறுபாடு இதுவே.

வெப்பம் இருந்தால் மட்டும் தட்டுகள் உருவாகிவிடாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வெள்ளிக் கோள் கிட்டத்தட்ட பூமியின் அளவுதான், எரிமலைகளும் உண்டு. ஆனால் பூமியில் உள்ளதுபோல் நகரும் தட்டுகள் அங்கே இல்லை. மேலோடு உடைந்து வளைந்து மூழ்குமளவு பலவீனப்பட வேண்டும். பூமியில் அந்த வேலையையும் நீர்தான் செய்கிறது என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து.