அலைன் ஹோன் செய்த 350 ஷெவி: புது டைமிங் செயின் தொளதொளவென்று இருந்தால்

350 ஷெவி (செவ்ரோலெட்டின் V8 எஞ்சின்) பிளாக்கை அலைன் ஹோன் செய்து, புது டைமிங் செயின் (கிராங்க்கிலிருந்து, வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டைச் சுழற்றும் சங்கிலி) மாட்டியும் அது தொங்குகிறது, இன்னும் நல்ல செட் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இன்னும் விலை கூடிய டபுள் ரோலர் செட் (இரட்டை வரிசை உருளைச் சங்கிலியும் கியர்களும்) வாங்காதீர்கள். நீளம் சற்றுக் குறைந்த அளவு செட் வாங்குங்கள். உங்கள் சிக்கல் செயினின் தரத்தில் இல்லை, நீளத்தில் இருக்கிறது.

மெயின் பேரிங் துளைகளை (கிராங்க் உட்காரும் துளைகள்) அலைன் ஹோன் செய்ததாக, அதாவது ஒரே நேர்கோட்டில் வரும்படி தேய்த்ததாக, நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதில் கிராங்க் மையம் கொஞ்சம் மேலேறி கேமை நெருங்கிவிடும். அப்புறம் ஸ்டாண்டர்டு செயின் புதிதாக இருந்தாலும் தொங்கத்தான் செய்யும். கிளாய்ஸ் போன்ற செட் தயாரிப்பாளர்கள் 0.005, 0.010 அங்குலம் என இரண்டு குறைந்த அளவுகளிலும் தருகிறார்கள். எவ்வளவு எடுத்தார்கள் என்று லேத்துக்காரரிடம் கேட்டு, அதற்கேற்ற அளவை எடுங்கள்.

வாங்கும் முன் ஒரு சோதனை. பிளக்குகளைக் கழற்றி, கிராங்க் முனையில் டிகிரி வீல் (கோண அளவு பொறித்த வட்டு) மாட்டி, கிராங்க்கை ஓடும் திசையில் திருப்பி நிறுத்துங்கள். பிறகு மெல்ல எதிர்த்திசையில் திருப்புங்கள். கேம் கியரில் விரலை வைத்திருந்தால் அது அசையத் தொடங்கும் நொடி தெரியும். அதற்குள் எத்தனை டிகிரி வீணாகப் போகிறதோ அதுதான் தளர்ச்சி. அந்தத் தளர்ச்சி கேம் டைமிங்கைப் பின்னுக்குத் தள்ளும். கீழ் ஆர்பிஎம்மில் இழுவை குறையும்.

ஆனால் ரொம்ப இறுக்கமும் ஆபத்து. கையால் மாட்ட முடியாமல் நெம்ப வேண்டியிருந்தால் அந்த அளவு வேண்டாம், முன் கேம் பேரிங் தேய்ந்துவிடும்.

பிளாக் 1987 முதல் வந்த ரோலர் கேம் வகையா? கேம் முன்னால் அதை நகராமல் பிடிக்கும் ரிடெய்னர் தகடு இருந்தால் கேம் கியரே வேறு. பழைய வகை செட் அதில் பொருந்தாது.