எல்லையோர கிளேவே: படிக்க வரும் தம்பிக்கு

தம்பி, கிளேவேயில் உள்ள ரைன்-வால் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருப்பதாகவும், ஊர் ஜெர்மனியின் ஓரத்தில் ஒதுங்கிக் கிடப்பதுபோல் தெரிவதால் வரலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். தயங்காமல் வாருங்கள்.

ஜெர்மனியை மட்டும் பார்த்தால் இது ஓரம்தான். டுசல்டார்ஃப் போக ரயிலில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் ஆகும். ஆனால் நெதர்லாந்தின் நைமேகன் 25 கிலோமீட்டர்தான், பஸ்ஸிலேயே போய்விடலாம். ஞாயிற்றுக்கிழமை இங்கே கடைகள் அடைத்திருக்கும், அங்கே திறந்திருக்கும். டச்சுக்காரர்களோ இங்கே வீட்டு விலை குறைவு என்று எல்லையை ஒட்டிய கிரானன்பர்க் என்ற ஊர்ப் பக்கம் குடிவந்திருக்கிறார்கள். எல்லாம் சமவெளி, அதனால் முதலில் ஒரு சைக்கிள் வாங்கிவிடுங்கள்.

இங்கே எல்லைக்கோடே இடம் மாறியிருக்கிறது. பக்கத்து ஊரான எம்மரிக்கை ஒட்டிய எல்டன் கிராமத்தை இரண்டாம் உலகப் போருக்கான இழப்பீடாக 1949இல் நெதர்லாந்து எடுத்துக்கொண்டது. 1963 ஆகஸ்ட் 1 அன்று திருப்பிக் கொடுத்தது. அதற்கு முந்தைய இரவு வெண்ணெய், காப்பி எல்லாம் ஏற்றிய லாரிகள் எல்டன் தெருக்களை அடைத்து நின்றன. நள்ளிரவில் ஊர் ஜெர்மனிக்குத் திரும்பியதும், நின்ற இடத்திலேயே சரக்கும் ஜெர்மனிக்குள் வந்துவிட்டது, சுங்க வரி இல்லாமல்! ‘வெண்ணெய் இரவு’ என்றால் இங்குள்ள பெரியவர்களுக்கு உடனே புரியும், கேட்டுப் பாருங்கள்.

கிளேவேயில் பழைய கட்டடங்கள் அதிகம் தென்படாது. 1944 அக்டோபரிலும் 1945 பிப்ரவரியிலும் விழுந்த குண்டுகள் ஊரைத் தரைமட்டமாக்கின. அன்னப்பறவைக் கோட்டையையே பிறகுதான் மறுபடி கட்டினார்கள். பக்கத்து ரைக்ஸ்வால்ட் காட்டில் 7,500க்கும் மேற்பட்ட காமன்வெல்த் வீரர்களின் கல்லறைகள் இருக்கின்றன. ஒருநாள் கட்டாயம் போய் வாருங்கள்.

அப்புறம் கேவலார். 1642 முதல் மாதா திருத்தலமாக இருக்கும் சிற்றூர், இதே மாவட்டம்தான். ஆகஸ்டில் நடக்கும் தமிழர் யாத்திரைக்கு ஈழத்தமிழர்கள் ஆயிரக்கணக்கில் கூடுவார்கள், சைவர்களும் வருவார்கள். தனியாக வந்திருக்கும் பிள்ளைக்கு அந்த ஒருநாள் பெரிய ஆறுதல்.

நைமேகன் போகும்போது பாஸ்போர்ட்டும் குடியிருப்பு அட்டையும் கையில் இருக்கட்டும்; 2024 செப்டம்பர் முதல் ஜெர்மனி இந்த எல்லையிலும் சோதனை செய்கிறது. இன்னொன்று, ஜெர்மன் மாணவர் அனுமதியை வைத்து நெதர்லாந்தில் பகுதி நேர வேலை பார்க்க முடியாது. யாராவது பரவாயில்லை என்று கூப்பிட்டாலும் போகாதீர்கள்.