நெகட்டிவைக் கேட்டு வாங்குங்கள்: ஃபிலிம் கேமரா கேள்வி பதில்

ஃபிலிமில் படமெடுக்கத் தொடங்கியவர்களும், தொடங்கலாமா என்று யோசிப்பவர்களும் அனுப்பிய கேள்விகள் இவை. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: போனே பிரமாதமாகப் படம் எடுக்கிறதே சார், அப்புறம் எதற்கு ஃபிலிம்?

படம் மட்டும்தான் வேண்டும் என்றால் தேவையே இல்லை. அந்தப் பழைய நிறமும் மணல்மணலான கிரெய்னும் வேண்டும் என்றாலும் அதற்கு ஆப் இருக்கிறது, நன்றாகவே செய்கிறது. படமெடுக்கும் வேலை பிடித்தவர்களுக்குத்தான் ஃபிலிம். ஒரு ரோலில் 36 படம், எடுத்ததைத் திருப்பிப் பார்க்க வழியில்லை. அதனால் பட்டனை அமுக்கும் முன்பே வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து விழுகிறது, தலைக்குப் பின்னால் கம்பம் ஏதாவது முளைத்திருக்கிறதா என்றெல்லாம் தானாகப் பார்க்க ஆரம்பித்துவிடுவீர்கள். கடைசியில் கையில் நெகட்டிவ் என்று ஒரு பொருளும் மிஞ்சும். ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தால் போதும், படம் தெரியும்.

கேள்வி: கேமரா வாங்கியபிறகு ஃபிலிம் தயாரிப்பையே நிறுத்திவிட்டால்?

நியாயமான பயம்தான். போலராய்டு 2008-ல் உடனடிப் பட ஃபிலிமைக் கைவிட்டது. கோடாக்கின் கலர் ஃபிலிமான கோடாக்ரோம் 2009-ல் நின்றது, அதைக் கழுவிக்கொண்டிருந்த கடைசி லேபும் 2010 முடிவோடு நிறுத்திக்கொண்டது. 2012-ல் ஈஸ்ட்மேன் கோடாக் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனபோது கதை முடிந்தது என்றே பலர் எழுதினார்கள். ஆனால் அதே 2012-ல் நிறுத்தப்பட்ட கோடாக்கின் எக்டாக்ரோம் ஃபிலிம் 2018-ல் திரும்ப வந்தது. கறுப்பு வெள்ளைக்குப் பெயர்போன இல்ஃபோர்டு ஃபிலிம்களைத் தயாரிக்கும் ஹார்மன் 2023 கடைசியில் ஃபீனிக்ஸ் என்ற கலர் ஃபிலிமைக் கொண்டுவந்தது. 2024-ல் பென்டாக்ஸ் 17 என்று புதிய ஃபிலிம் கேமராவே வெளிவந்தது. உங்களுக்குப் பிடித்த ஒரு ரகம் நாளைக்குக் காணாமல் போகலாம். ஃபிலிமே இல்லாமல் போகும் என்ற கவலை எனக்கு இல்லை.

கேள்வி: முதல் கேமரா எது வாங்கலாம் அண்ணா? பழையது வாங்கும்போது எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

35 மி.மீ. எஸ்எல்ஆர் (லென்ஸ் வழியாகவே பார்த்து எடுக்கும் கேமரா), கூட ஒரு 50 மி.மீ. லென்ஸ். பென்டாக்ஸ் கே1000, ஒலிம்பஸ் ஓஎம்-1, நிக்கான் எஃப்எம் எல்லாம் நல்ல தொடக்கம். மூன்றிலும் பேட்டரி வெளிச்சத்தை அளக்கும் லைட் மீட்டருக்கு மட்டும்தான், அது தீர்ந்தாலும் ஷட்டர் ஓடும். கேனான் ஏஇ-1 அழகான கேமராதான், ஆனால் பேட்டரி இல்லாவிட்டால் ஷட்டரும் இல்லை. எது கிடைக்கிறது என்பதைவிட எந்த நிலைமையில் கிடைக்கிறது என்பதுதான் முக்கியம்.

பின்கதவைத் திறங்கள். லென்ஸைக் கழற்றிவிட்டு வெளிச்சத்தைப் பார்த்தபடி ஷட்டரை ஒவ்வொரு வேகத்திலும் ஓடவிடுங்கள். 1 நொடியில் வைத்தால் உள்ளே ஒரு சின்ன கடிகாரம் ஓடுவது மாதிரி சர்ரென்று சத்தம் வந்து நிற்கும். பாதியில் திக்கினால் எண்ணெய் காய்ந்துவிட்டது என்று அர்த்தம். 1/1000-ல் வைத்தும் பாருங்கள். சட்டத்தின் ஒரு பக்கம் மட்டும் இருட்டாகத் தெரிந்தால் திரை சரியாக ஓடவில்லை. கதவு மூடும் பள்ளத்தில் விரல் வைத்தால் கறுப்புப் பிசின் மாதிரி ஒட்டுகிறதா? அது வெளிச்சத்தைத் தடுக்கும் நுரைப் பட்டை மக்கியது. மலிவாக மாற்றிவிடலாம், அதற்காகக் கேமராவை விட்டுவிடாதீர்கள். பேட்டரி அறையில் பச்சைப் பாசி மாதிரி இருந்தால் கொஞ்சம் யோசியுங்கள்.

லென்ஸின் உள்துளையை (அப்பர்ச்சர்) விரியத் திறந்து, பின்பக்கத்திலிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். இரண்டு மூன்று தூசி ஒன்றும் செய்யாது. சிலந்தி நூல் மாதிரி கிளை பிரிந்து ஓடினால் ஃபங்கஸ், வேண்டாம். விலையில் மிச்சம் பிடித்த காசை ரோலுக்கு வையுங்கள். நல்ல கேமராவை அலமாரியில் வைத்திருப்பவரைவிட, சுமாரான கேமராவில் மாதம் ஒரு ரோல் ஓட்டுகிறவர்தான் கற்றுக்கொள்கிறார்.

கேள்வி: என் கேமராவுக்கு மெர்குரி பேட்டரி வேண்டுமாம், எங்கும் கிடைக்கவில்லை.

கிடைக்காது, பாதரசம் இருப்பதால் அதன் விற்பனை நின்றுவிட்டது. அது 1.35 வோல்ட். இப்போதைய ஆல்கலைன் 1.5 வோல்ட் என்பதால் பல கேமராக்களில் மீட்டர் வெளிச்சத்தைக் கூடுதலாகக் காட்டும், படம் இருட்டடிக்கும். காது கேட்கும் கருவிக்குப் போடும் ஜிங்க்-ஏர் பேட்டரி 1.4 வோல்ட். 675 என்ற அளவில் வாங்கி, சுற்றி ஒரு ரப்பர் வளையம் போட்டால் பொருந்திவிடும். ஸ்டிக்கரை உரித்துவிட்டால் சில வாரங்கள்தான் வரும்.

கேள்வி: மீட்டரே வேலை செய்யவில்லை என்றால்?

நல்ல வெயிலில் அப்பர்ச்சர் 16, ஷட்டர் வேகம் ஃபிலிமின் ஐஎஸ்ஓ எண்ணுக்கு (வெளிச்சத்தை உணரும் திறனைச் சொல்லும் எண்) பக்கத்தில். 400 ஃபிலிம் என்றால் 1/500. லேசாக மேகம் மறைத்தால் 11, நன்றாக மூடினால் 8, நிழலுக்குள் வந்தால் 4. வீட்டுக்குள் இதை நம்பாதீர்கள், போனில் ஒரு மீட்டர் ஆப் போட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: டிஜிட்டலில் வானம் வெளுத்துவிடாமல் இருக்க எப்போதும் கொஞ்சம் குறைத்தே எடுப்பேன். அதே மாதிரி ஃபிலிமில் எடுத்தால் எல்லாப் படமும் சேறு மாதிரி இருக்கிறது.

பழக்கத்தைத் தலைகீழாகத் திருப்புங்கள். நெகட்டிவில் வெளிச்சம் விழுந்த இடம்தான் கறுக்கும், விழாத இடம் வெறும் கண்ணாடித்தாள். நிழலில் இருக்கும் முகத்துக்குப் போதிய வெளிச்சம் கொடுக்கவில்லை என்றால் அங்கே ஒன்றுமே பதிவாகியிருக்காது. ஸ்கேன் செய்கிறவர் இழுத்துப் பார்த்தால் கிரெய்னும் மண்ணும்தான் வரும். மாறாக, ஒரு ஸ்டாப் (அதாவது வெளிச்சம் இரண்டு மடங்கு), ஏன் இரண்டு ஸ்டாப் கூடினாலும் கலர் நெகட்டிவ் தாங்கிக்கொள்ளும். நிழலுக்கு அளந்து எடுங்கள். சந்தேகம் வந்தால் கூட்டியே கொடுங்கள். 400 ஃபிலிமைப் போட்டுவிட்டு, கூடுதல் வெளிச்சத்துக்காக மீட்டரை 200-ல் வைத்துக்கொள்கிறவர்கள் நிறையப் பேர், நானும்தான்.

ஸ்லைடு ஃபிலிமுக்கு (நெகட்டிவாக இல்லாமல் நேராகப் படமாகவே வரும் ஃபிலிம்) இது ஒத்துவராது. அங்கே டிஜிட்டல் பழக்கம்தான் சரி, அரை ஸ்டாப் கூடினாலே வானம் வெளுத்துவிடும். முதல் ரோல்களில் ஸ்லைடு பக்கம் போகவே வேண்டாம்.

கேள்வி: 36 தாண்டி 40 வரை எண் ஓடியது, கழுவினால் ஒரு படமும் இல்லை!

ஃபிலிம் நுனி அந்தப்பக்கச் சுருளில் மாட்டவேயில்லை. ரோல் போட்டதும் ரீவைண்ட் குமிழை மெதுவாகத் திருப்பித் தளர்வை எடுத்துவிடுங்கள். அடுத்து லீவரை இழுக்கும்போது அந்தக் குமிழும் சேர்ந்து சுற்ற வேண்டும். சுற்றவில்லை என்றால் உள்ளே ஃபிலிம் நகரவில்லை.

கேள்வி: இருட்டறை இல்லாமல் வீட்டில் ரோல் கழுவ முடியுமா? அக்கா கேட்கச் சொன்னார்.

அக்காவிடம் தாராளமாக முடியும் என்று சொல்லுங்கள். இருட்டு வேண்டியது ஃபிலிமை வெளிச்சம் புகாத டேங்குக்குள் ஏற்றும் சில நிமிடங்களுக்கு மட்டும்தான். அதற்குக் கைவிட்டு வேலை செய்யும் கறுப்புப் பை இருக்கிறது. டேங்க் மூடியானதும் விளக்கைப் போட்டுக்கொண்டு மற்றதைச் செய்யலாம்.

கஷ்டம் முழுவதும் டேங்குக்குள் போகும் ரீலில் ஃபிலிமை ஏற்றுவதில்தான். வீணான ரோல் ஒன்றை வைத்து முதலில் வெளிச்சத்தில், அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு பழகுங்கள். பிளாஸ்டிக் ரீல் துளி ஈரம் இருந்தாலும் பிடித்துக்கொள்ளும், முதல்நாளே கழுவிக் காயவைத்துவிடுங்கள். பிறகு படத்தை வெளிக்கொண்டுவரும் ரசாயனமான டெவலப்பர். டி-76 வைத்துத் தொடங்கினால் போதும், 1927-லிருந்து இருக்கும் பழைய கைராசிக்காரர். கோடாக்கின் கறுப்பு வெள்ளை ரகமான டிரை-எக்ஸ் 400 ஃபிலிமுக்கு, சம அளவு தண்ணீர் கலந்த டி-76-ல், 20 டிகிரியில் கோடாக் சொல்லும் நேரம் 9¾ நிமிடம். தண்ணீர் அதைவிடச் சூடாக இருந்தால் நேரம் குறையும், அட்டவணையைப் பாருங்கள். குத்துமதிப்பாக ஊற்றாதீர்கள். அடுத்து டெவலப்பரின் வேலையை நிறுத்தும் ஸ்டாப் பாத், அதற்கடுத்து படத்தை நிலைநிறுத்தும் ஃபிக்ஸர். ஃபிக்ஸர் இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று தெரிய, ஃபிலிமின் நுனித் துண்டை வெட்டி அதில் போடுங்கள். பால் நிறம் போய்த் தெளிவாக எத்தனை நேரம் ஆகிறதோ, அதைப்போல் இரண்டு மடங்கு ஃபிக்ஸ் செய்யுங்கள். நன்றாக அலசி, கடைசித் தண்ணீரில் தண்ணீர்க் கறை படியாமலிருக்க இரண்டு சொட்டு வெட்டிங் ஏஜென்ட் விட்டு, தூசி பறக்காத இடத்தில் க்ளிப் போட்டுத் தொங்கவிடுங்கள். குளியலறை நல்ல இடம்.

பயன்படுத்திய ஃபிக்ஸரில் வெள்ளி கரைந்திருக்கும், சாக்கடையில் ஊற்றாதீர்கள். கேனில் சேர்த்துவைத்து, ரசாயனக் கழிவு எடுப்பவர்களிடமோ அதை வாங்கிக்கொள்ளும் லேபிடமோ கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: கலர் ரோலும் அப்படியேவா?

அடிப்படை அதேதான், ஆனால் கலர் நெகட்டிவுக்கான சி-41 டெவலப்பருக்கு 38 டிகிரி, 3 நிமிடம் 15 நொடி. சூடு கொஞ்சம் ஏறி இறங்கினாலும் நிறம் சாயும். கறுப்பு வெள்ளையில் கை பழகட்டும்.

கேள்வி: லேபில் ஸ்கேன் மட்டும் அனுப்புகிறார்கள். நெகட்டிவ் வேண்டுமா என்றார்கள், வேண்டாம் என்றுவிட்டேன். சரிதானே?

ஐயோ, இல்லை. அவர்கள் அனுப்பியது நெகட்டிவின் ஒரு நகல், அதுவும் ஒருவர் அவசரத்தில் நிறம் பார்த்து எடுத்த நகல். அசல் குப்பைக்குப் போய்விட்டது. வெளுத்துப்போனதாகத் தெரியும் வானம் பல சமயம் நெகட்டிவில் பத்திரமாக இருக்கும், ஸ்கேனில்தான் விட்டிருப்பார்கள். டிஜிட்டல் கேமரா, மேக்ரோ லென்ஸ், சமமாக வெளிச்சம் தரும் ஒரு பலகை இருந்தால் நீங்களே மறுபடி எடுத்துக்கொள்ளலாம். நெகட்டிவை ஆறு ஆறு படமாக வெட்டி உறையில் போட்டு, தேதி எழுதி, ஈரம் ஏறாத இடத்தில் வையுங்கள். அடுத்த ரோல் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்: நெகட்டிவ் வேண்டும், சுருட்டாமல் வேண்டும்.

கேள்வி: விமானத்தில் கொண்டுபோகலாமா?

கைப்பையில் மட்டும். லக்கேஜுக்குள் போடவே கூடாது. கைப்பையைச் சோதிக்கப் புதிதாக வந்திருக்கும் சிடி (எக்ஸ்ரே) ஸ்கேனர் ஒரே தடவையில் ஃபிலிமைப் புகைமூட்டமாக்கிவிடும், கையால் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். ரோல்களை ஊடுருவித் தெரியும் பையில் வைத்திருந்தால் கேட்பது சுலபம்.

கேள்வி: தாத்தா கேமராவில் பாதி எடுத்த ரோல் ஒன்று அப்படியே இருக்கிறது. மீதியை நான் எடுத்து முடிக்கலாமா?

வேண்டாம். உங்கள் படமும் சரியாக வராது, கதவு கிதவு திறந்து அவருடைய படமும் போய்விடும். கதவைத் திறக்காமல் முதலில் ஃபிலிமை முழுதும் ரீவைண்ட் செய்து, அப்புறம் வெளியே எடுங்கள், மேலே என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். கோடாக்ரோம் என்றால் கலரில் கழுவ இனி வழியில்லை, கறுப்பு வெள்ளையாக எடுத்துத்தரும் லேப் உண்டு. மற்ற கலர் ரோலாக இருந்தாலும் பல வருடம் ஆகிவிட்டால் நிறம் கலங்கியிருக்கும், கறுப்பு வெள்ளையாகக் கழுவுவதே பாதுகாப்பு. பழைய ரோலைத் தனியாகக் கழுவும் இடத்தில் கொடுங்கள், எத்தனை வருடப் பழையது என்பதையும் சொல்லுங்கள். மங்கலாக நாலு படம் வந்தாலும் வரலாம், வராமலும் போகலாம்.

கேள்வி: ஒரு ரோலை முடிக்கவே எனக்கு நாலு மாதம் ஆகிறது. கெட்டுப்போகுமா?

போகாது. கேமராவை வெயிலில் நிற்கும் காரில் விட்டுவிடாமல் இருந்தால் சரி. 24 படம் உள்ள ரோலும் உண்டு, அதை வாங்கிப் பாருங்கள்.