விழப்போகிற பல்லுக்கு 16,800 ரூபாயா?

கேள்வி: தர்மபுரியில் இருக்கிறோம். கணவர் சம்பளம் 38,000. பிள்ளைகள் இருவரும் அரசு உதவி பெறும் பள்ளியில் படிக்கிறார்கள். 9 வயது மகனுக்கு பால் பற்களில் மூன்று கடைவாய்ப் பல் சொத்தை. இரண்டுக்கு வேர் சிகிச்சை செய்து கேப் போட்டு, ஒன்றை அடைத்ததில் 16,800 ரூபாய் ஆகி, கிரெடிட் கார்டில் இஎம்ஐ ஓடுகிறது. மகளுக்கு 6 வயது. வருஷம் 7,500 கட்டினால் குடும்பத்துக்கே பல் திட்டம் என்கிறார்கள் கிளினிக்கில். எங்கள் மருத்துவ பாலிசியோடு 4,200 கூடுதலாகக் கட்டினால் பல்லையும் சேர்த்து ஓபி செலவு 5,000 வரை கிடைக்கும் என்கிறார் ஏஜென்ட். எதை எடுக்கலாம்? விழப்போகிற பல்லுக்குச் செலவழித்தது தண்டமா?

பதில்: தண்டம் இல்லை. பால் கடைவாய்ப் பல் விழுவது பொதுவாக 9லிருந்து 12 வயதுக்குள்தான், அதுவரை கீழே வளர்கிற பல்லுக்கு இடம் பிடித்து வைப்பது அதன் வேலை. முன்னாடியே பிடுங்கிவிட்டால் பக்கத்துப் பல் சாய்ந்து இடத்தை அடைத்துக்கொள்ளும், அப்புறம் கம்பி போடுகிற செலவு வந்தால் இந்த 16,800 சின்னதாகத் தெரியும்.

ஏஜென்ட் சொன்னதை ஒரு நிமிடம் கணக்குப் போட்டுப் பாருங்கள். 4,200 கட்டி, அதிகபட்சம் 5,000 வாங்கலாம். அதாவது எல்லாம் சரியாக நடந்து, காத்திருப்புக் காலம் முடிந்து, பல்லுக்கென்று தனி உச்சவரம்பு இல்லாமல் இருந்து, ஒரு பில்லையும் நிராகரிக்காமல் கொடுத்தால் உங்களுக்கு லாபம் 800 ரூபாய். விபத்தில் பல் உடைந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தால் பொதுவாக உங்கள் அடிப்படைப் பாலிசியிலேயே வரும். சொத்தைப் பல் அப்படித் திடீரென்று வருகிற விஷயமும் இல்லை, மாதக்கணக்கில் மெதுவாக வருவது. அதற்கு இன்ஷூரன்ஸ் தேவையில்லை, தனியாக எடுத்து வைத்த பணம் போதும். (இஎஸ்ஐ இருந்தால் பேச்சே வேறு, ஆனால் அதற்குச் சம்பள வரம்பு 21,000.)

கிளினிக் திட்டத்தையும் விடுங்கள். அதில் என்னென்ன அடக்கம் என்று எழுதி வாங்கிப் பாருங்கள், பாதிக்கு மேல் 'சிகிச்சைக்குத் தள்ளுபடி' என்றுதான் இருக்கும் என்பது என் சந்தேகம். பல் கெட்டால்தான் லாபம் என்கிற திட்டத்துக்கு முன்பணம் எதற்கு?

இப்போது மகள் விஷயம், உங்கள் பணம் போகவேண்டிய இடம் இதுதான். 6 வயதை ஒட்டி, பால் பற்களுக்குப் பின்னால், எந்தப் பல்லும் விழாமலே நான்கு கடைவாய்ப் பற்கள் முளைக்கும். எதுவும் விழவில்லையே, இதுவும் பால் பல்தான் என்று நினைத்துவிடுகிறோம். நானும் என் மகள் விஷயத்தில் அப்படித்தான் ஏமாந்தேன், ஊருக்கெல்லாம் கணக்குச் சொல்கிறவன். அவை நிரந்தரப் பற்கள், போனால் போனதுதான். அந்தப் பற்களின் பள்ளங்களில் உணவு தங்காமல் சீலன்ட் என்று ஒரு பூச்சு போடுவார்கள், துளை போட வேண்டாம், வலி இல்லை, வேர் சிகிச்சையும் கேப்பும் கேட்கிற பணத்தில் ஒரு சிறு பங்குதான் ஆகும். பல் முழுசாக வெளியே வந்ததும் போட்டுவிடுங்கள்.

உங்கள் ஊரை முன்னிட்டு இன்னொன்று. தர்மபுரிப் பக்கம் நிலத்தடி நீரில் ஃப்ளூரைடு அதிகம், அளவு மீறினால் பல் கறைபடும், ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதனால்தான். வீட்டில் குடிப்பது போர் தண்ணீர் என்றால் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கொடுத்துப் பாருங்கள், லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் குடிக்கிற தண்ணீரை மாற்றுங்கள். கிளினிக்கில், சொத்தை வராமலிருக்கப் பல்லில் பூசுகிற ஃப்ளூரைடு வார்னிஷ் போடலாம் என்றால் அந்த ரிப்போர்ட்டைக் காட்டிவிட்டு முடிவு செய்யுங்கள்.

முதலில் கார்டு இஎம்ஐ. வட்டி, வட்டிக்கு மேல் 18% ஜிஎஸ்டி என்று போகிறது. முன்கூட்டியே முடிக்கக் கட்டணம் எவ்வளவு என்று கேட்டு, மிச்சமாகுமென்றால் முடித்துவிடுங்கள். பிறகு மாதம் 600 ரூபாய், வங்கியில் 12 மாத ஆர்டி. வருஷத்துக்கு 7,200, கிட்டத்தட்ட அந்த கிளினிக் கேட்ட தொகைதான், ஆனால் செலவாகாத மிச்சம் உங்களுடையது. அஞ்சலக ஆர்டி 5 வருஷம் ஓடும் என்பதால் இதற்கு ஒத்துவராது.

பரிசோதனைக்குக் காசே தேவைப்படாமலும் போகலாம். ஆர்பிஎஸ்கே என்கிற பள்ளிச் சிறார் நலத் திட்டத்தில் உதவி பெறும் பள்ளிகளுக்கும் டாக்டர் குழு வரும், சொத்தைப் பல்லும் அவர்கள் பார்க்கிற பட்டியலில் உண்டு. எப்போது வருகிறார்கள் என்று வகுப்பாசிரியரிடம் கேட்டு வையுங்கள், அவர்கள் எழுதித் தருகிற சீட்டோடு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பல் பிரிவுக்குப் போகலாம். ஒரு நாள் லீவு போட முடிந்தால் சேலத்தில் பல் மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. மாணவர்கள் செய்வார்கள், பேராசிரியர் பக்கத்தில் நிற்பார், நேரம் இழுக்கும், பில் குறையும்.

மகளைக் கூட்டிப் போகும்போது மகனையும் கூட்டிப் போங்கள். 9 வயது என்றால் அவனுக்கும் அந்த நான்கு பற்கள் வந்து இரண்டு மூன்று வருஷம் ஆகியிருக்கும், அவை எப்படி இருக்கின்றன என்று குறிப்பாகக் கேளுங்கள்.