முதல்முறை ஹாங்காங், கையில் மூன்று நாள்: எதைப் பார்ப்பது, எங்கே என்ன சாப்பிடுவது?

கேள்வி இது: நவம்பரில் அம்மா அப்பாவோடு ஹாங்காங் போகிறோம், மூன்று முழு நாள் இருக்கிறது. அப்பா சுத்த சைவம். மற்றவர்கள் மாட்டிறைச்சி தவிர எல்லாம் சாப்பிடுவோம். எதை விடக்கூடாது, எதை விட்டாலும் பரவாயில்லை?

நவம்பரைத் தேர்ந்தெடுத்ததிலேயே பாதி வேலை முடிந்தது. பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை மலை மேல் மூடுபனி படுத்துக்கிடக்கும். காசு கொடுத்து ஏறினால் வெள்ளைத் திரையைத்தான் பார்க்க முடியும். ஜூலை முதல் செப்டம்பர் வரை புயல். 8ஆம் எண் எச்சரிக்கை ஏற்றினால் படகும் டிராமும் நிற்கும், கடைகளும் அடைத்துவிடும். நவம்பரில் வானம் தெளிந்து வியர்வையில்லாமல் நடக்கலாம். ஆனால் சூரியன் மாலை 5.40 வாக்கில் மறைந்துவிடும். உங்கள் மாலைகளை எல்லாம் இந்த நேரத்தை வைத்தே அமைக்க வேண்டும்.

முதலில் காகித வேலை. இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு 14 நாள் வரை விசா தேவையில்லை. ஆனால் புறப்படும் முன் ஹாங்காங் குடிவரவுத் துறையின் இணையதளத்தில் முன்வருகைப் பதிவு செய்தாக வேண்டும். கட்டணம் கிடையாது, முடிவு உடனே வரும், ஆறு மாதம் செல்லும். பெயரும் எண்ணும் பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து இருக்க வேண்டும். அம்மா அப்பாவின் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருந்தால் அங்கேதான் தடுமாறுவீர்கள், நிதானமாக நிரப்புங்கள். பதிவுச் சீட்டை வெள்ளை ஏ4 தாளில் அச்சிட்டு ஆளுக்கொன்று கையில் கொடுத்துவிடுங்கள். இலங்கைப் பாஸ்போர்ட் என்றால் இந்த வழி கிடையாது, முன்கூட்டியே விசா எடுக்க வேண்டும்.

விமான நிலையத்திலேயே ஆளுக்கொரு ஆக்டோபஸ் அட்டை வாங்குங்கள், காசு நிரப்பி வண்டியிலும் கடையிலும் தட்டும் அட்டை. ஒரே அட்டையை மூன்று பேர் மாற்றி மாற்றித் தட்ட முடியாது. எம்டிஆர் ரயிலில் உள்ளே போகும்போது தட்டிய அட்டையைத்தான் வெளியேறும்போதும் தட்ட வேண்டும். பேருந்தில் ஏறும்போது தட்ட வேண்டும். டிராமில் பின்வழியாக ஏறி, இறங்கும்போது முன்பக்கம் ஓட்டுநர் அருகே தட்ட வேண்டும். காசாகக் கொடுத்தால் பேருந்திலும் டிராமிலும் மீதி தரமாட்டார்கள். சின்னச் சாப்பாட்டுக் கடைகள் பலவற்றில் வெளிநாட்டுக் கடன் அட்டை செல்லாது; ஆக்டோபஸ் அல்லது ரொக்கம்தான். ஆகவே நூறு ஹாங்காங் டாலர் தாள்கள் சில எப்போதும் பையில் இருக்கட்டும்.

இனி ஊர். நான் சொல்லப்போவதன் சாரம் ஒன்றுதான்: ஹாங்காங்கில் சீட்டு வாங்கிப் பார்க்கும் இடங்களைவிட, ஊர்க்காரர்கள் வேலைக்குப் போகவர ஏறும் படகும் டிராமும்தான் பெரிய காட்சி. அவற்றுக்கு நேரம் ஒதுக்கிவிட்டு மற்றதைப் பாருங்கள்.

ஸ்டார் ஃபெர்ரி 1888இலிருந்து துறைமுகத்தைக் கடந்துகொண்டிருக்கிறது. ஹாங்காங் தீவின் செண்ட்ரல் 7ஆம் படகுத்துறையிலிருந்து எதிர்க்கரையில் உள்ள சிம் ஷா சுய் போக ஏழெட்டு நிமிடம், கட்டணம் சில டாலர்தான். மேல்தளத்தில் ஏறுங்கள். இருக்கையின் முதுகுச் சட்டத்தைப் பிடித்துத் தள்ளினால் அது மறுபக்கம் சாயும். படகு எந்தத் திசையில் போனாலும் முன்னோக்கி உட்காரலாம். வேகமாக வந்து உட்காரும் ஊர்க்காரர்கள் முதலில் செய்வது இதைத்தான். படகு அசைந்து கரையைத் தொடும் வரை அம்மா அப்பா எழுந்திருக்க வேண்டாம். கயிறு கட்டும்போது ஒரு குலுக்கல் உண்டு.

முதல் மாலை 7 மணிக்கு இந்தப் படகில் சிம் ஷா சுய் வந்துவிடுங்கள். இறங்கியவுடன் 44 மீட்டர் உயர மணிக்கூண்டு. பழைய ரயில் நிலையத்தில் அந்த இடத்திலேயே எஞ்சி நிற்பது அது ஒன்றுதான். அதிலிருந்து கடலோர நடைபாதை தொடங்குகிறது. 8 மணிக்கு எதிர்க்கரைக் கட்டிடங்களில் ஒளிக்காட்சி, பத்து நிமிடம், இலவசம். அந்தக் காட்சி சுமார்தான், அதற்காக ஒரு மணி நேரம் முன்பே வந்து இடம் பிடிக்க வேண்டாம். விளக்கேற்றிய தீவைக் கடலுக்கு இப்பாலிருந்து பார்ப்பதுதான் விஷயம், அது 7.30க்கும் இருக்கும், 9 மணிக்கும் இருக்கும்.

டிராம் 1904இல் தொடங்கியது. எல்லாமே மாடி வண்டிகள், தீவின் வடகரை நெடுக ஓடும், எவ்வளவு தூரம் போனாலும் ஒரே கட்டணம், நான்கு டாலருக்கும் கீழே. ஷியுங் வானில் ‘நார்த் பாயிண்ட்’ பலகை போட்ட வண்டியில் ஏறி மாடியில் முன் இருக்கையைப் பிடியுங்கள். படி குறுகலானது, சுற்றி ஏறும். வண்டி நிற்கும்போதே ஏறிவிடுங்கள். வங்கிக் கோபுரங்கள், வான் சாய், காஸ்வே பே என்று போய்க் கடைசியில் வண்டி சுன் யுங் தெரு என்ற சந்தைக்குள்ளேயே நுழையும். இரு பக்கமும் கீரைக் கட்டு, மீன் தட்டு, பழக்கூடை, நடுவே தண்டவாளம். ஓட்டுநர் மணியை ‘டிங் டிங்’ என்று தட்டிக்கொண்டே ஊர்வார், மக்கள் ஓர் அடி நகர்ந்து வழிவிட்டு, வண்டி போனதும் பழைய இடத்துக்கே வந்துவிடுவார்கள். இதை மேலிருந்து பார்க்க ஈடு எதுவுமில்லை. ‘ஹாப்பி வேலி’ பலகை வண்டியில் ஏறினால் அது பாதியில் குதிரைப் பந்தய மைதானம் பக்கம் திரும்பிவிடும், கவனம்.

விக்டோரியா பீக் மலைக்குப் போகும் மலை டிராமில் அனைவரும் செய்யும் தவறு மாலை 5 மணிக்குப் போய் வரிசையில் நிற்பது. நவம்பரில் அதற்குள் பொழுது சாய்ந்துவிடும். 3.30க்கு அடிவார நிலையத்தில் இருங்கள். ஏறும்போது வலப்பக்க இருக்கை; கட்டிடங்கள் சாய்ந்து விழுவதுபோலத் தெரிவது அந்தப் பக்கம்தான். மேலே காசு வாங்கும் காட்சி மாடம் இருக்கிறது, அதை விடுங்கள். நிலையத்திலிருந்து லுகார்ட் ரோடு பாதையில் இருபது நிமிடம் நடந்தால் மரங்கள் விலகி நகரமும் துறைமுகமும் முழுதாகத் திறக்கும் இடம் வரும். ஏற்ற இறக்கமில்லாத பாதை, பெரியவர்கள் தாராளமாக நடக்கலாம். மலையைச் சுற்றி வர மொத்தம் 3.5 கிலோமீட்டர், முழுச் சுற்று வேண்டாம், அதே வழியில் திரும்புங்கள். பகல், அந்தி, விளக்கு மூன்றையும் ஒரே நிற்பில் பார்த்துவிடலாம். இறங்கும்போது டிராம் வரிசை நீண்டிருந்தால் 15ஆம் எண் பேருந்தைப் பிடித்து செண்ட்ரல் வாருங்கள். வளைவுகள் அதிகம், வயிற்றைப் புரட்டும் பழக்கம் உள்ளவர் கீழ்த்தளத்தில் உட்காரட்டும். இதே மாலையில் கடலோர ஒளிக்காட்சியையும் சேர்க்கப் பார்த்தால் இரண்டும் கெடும்.

சாப்பாட்டுக்கு வருகிறேன். காலையில் யம் சா. சொல்லுக்குப் பொருள் ‘தேநீர் குடித்தல்’. கூட வரும் சிறு பண்டங்கள்தான் திம் சம். உட்கார்ந்ததும் எந்தத் தேநீர் என்று கேட்பார்கள். மல்லிகை என்றால் ‘ஹியுங் பின்’, கடுமையான கறுப்புத் தேநீர் என்றால் ‘போ லேய்’. ஆளுக்கு இவ்வளவு என்று தேநீர்க் காசு பில்லில் வரும், ஏமாற்று அல்ல. முதலில் ஊற்றும் சூடான தேநீரில் கிண்ணத்தையும் குச்சிகளையும் அலசிக் கொட்டுவது ஊர் வழக்கம். அருகிலிருப்பவர் உங்கள் கோப்பையில் ஊற்றினால் இரண்டு விரலால் மேசையைத் தட்டுங்கள், அதுவே நன்றி. வெந்நீர் வேண்டுமென்றால் கூப்பிட வேண்டாம், தேநீர்க் கூஜாவின் மூடியைச் சாய்த்து வைத்தால் போதும்.

மேசையில் ஒரு தாளும் பென்சிலும் இருக்கும், வேண்டியதற்குக் குறி போட வேண்டும். மூன்று பேருக்கு ஆறேழு கூடை போதும், ஒரேயடியாகச் சொன்னால் எல்லாம் ஒன்றாக வந்து ஆறிவிடும். இரண்டு தவணையாகச் சொல்லுங்கள். கடையின் தரத்தை ‘ஹார் காவ்’ காட்டிக்கொடுக்கும். இறால் வைத்த கொழுக்கட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். மேல்மாவு கோதுமை ஸ்டார்ச்சில் செய்வது, வெந்ததும் கண்ணாடிபோல ஆகி உள்ளிருக்கும் இறாலின் சிவப்பு தெரியும். ஓரத்தில் நெருக்கமான மடிப்புகள் இருக்கும். குச்சியால் தூக்கும்போது அடித்தாளில் ஒட்டிக் கிழிந்தால் மாவு சரியில்லை அல்லது ஆவியில் அதிகநேரம் இருந்துவிட்டது. கிழியாமல் வந்து, கடிக்கும்போது இறால் ‘நறுக்’கென்றால் அந்தக் கடையில் மற்றதையும் தைரியமாகச் சொல்லலாம். சியூ மாய் பன்றியும் இறாலும். சா சியூ பாவ் இனிப்புப் பன்றி ரொட்டி. மாட்டிறைச்சி உருண்டை ஒன்றும் வழக்கமாகப் பட்டியலில் இருக்கும், ‘ங்காவ் யுக்’ என்ற சொல் வந்தால் தவிர்த்துவிடுங்கள். 11 மணிக்குள் போனால் கூட்டம் குறைவு, மதியம் 3 மணிக்குமேல் பல கடைகளில் கிடைக்காது.

சா சான் தெங் என்பது நம்மூர் டீக்கடையும் மெஸ்ஸும் கலந்த இடம். கூட்ட நேரத்தில் தெரியாதவர் மேசையில்தான் உட்காரவைப்பார்கள், மெனுவை யோசித்துக்கொண்டு நேரம் கடத்தினால் முகம் சுளிப்பார்கள். காலைச் சாப்பாட்டு ‘செட்’டில் ஒன்றைச் சொல்லிவிடுங்கள், பெரும்பாலும் 40 முதல் 60 டாலருக்குள் முடியும். இங்கே குடிக்க வேண்டியது ‘நாய் சா’ எனும் பால் தேநீர். இலங்கைத் தேயிலைக் கலவையை நீண்ட துணி வடிகட்டியில் திரும்பத் திரும்ப ஊற்றி இறக்கி, சுண்டவைத்த பாலைச் சேர்ப்பார்கள். துவர்ப்பு நாக்கில் நிற்கும், சர்க்கரை நீங்கள்தான் போட வேண்டும். கூடவே போ லோ பாவ். ‘அன்னாசி ரொட்டி’ என்று பெயர். அன்னாசி கிடையாது, மேலே வெடித்த சர்க்கரை ஓடு அப்படித் தெரிவதால் வந்த பெயர். வெண்ணெயோடு கேட்டால் நடுவே குளிர்ந்த வெண்ணெய்த் துண்டு வைத்து வரும், ரொட்டிச் சூட்டில் உருகும் முன் கடித்துவிட வேண்டும்.

வான்டன் நூடுல்ஸ் கிண்ணம் வந்தவுடன் பாருங்கள்: வான்டன் கீழே, நூடுல்ஸ் மேலே இருக்கும். நூடுல்ஸ் சூப்பில் மூழ்கினால் ஊறிக் குழைந்துவிடும் என்பதால் அப்படி. அதனால் படம் எடுத்துக்கொண்டிராமல் நூடுல்ஸை முதலில் முடியுங்கள்.

அப்பா விஷயம்தான் முக்கியம், இதில் அசட்டை கூடாது. ஹாங்காங்கில் ‘காய்கறி’ என்று சொல்லி வாங்கினாலும் கீரை மேல் சிப்பிச் சாறு ஊற்றி வரும். முள்ளங்கிப் பணியாரத்தில் காய்ந்த இறாலும் பன்றித் தொத்திறைச்சியும் கலந்திருக்கும். முட்டை டார்ட்டில் முட்டை போக ஓட்டில் பன்றிக் கொழுப்பும் இருக்கலாம். சூப்புக்குக் கோழி எலும்பு. ‘இறைச்சி வேண்டாம்’ என்று சொன்னால் துண்டுகளை எடுத்துவிட்டு அதே சூப்பைத் தருவார்கள். சொல்ல வேண்டிய சொல் ‘சாய்’, பௌத்த சைவம். ‘ங்கோ சிக் சாய்’, நான் சைவம் சாப்பிடுபவன். தொனி தப்பினால் புரியாது, ஆகவே ‘சாய்’ என்பதற்கான சீன எழுத்தை (齋) கைப்பேசியில் பெரிதாக வைத்துக் காட்டுங்கள். பலகையில் அதே எழுத்து உள்ள கடை என்றால் கவலையின்றி நுழையலாம். பௌத்த சமையலில் வெங்காயம் பூண்டும் பொதுவாகச் சேர்ப்பதில்லை.

அப்பாவுக்காக ஒரு மதியத்தை டைமண்ட் ஹில்லுக்கு ஒதுக்குங்கள். எம்டிஆர் சி2 வாயிலில் இறங்கினால் சில நிமிட நடையில் நான் லியன் தோட்டமும் அதற்கடுத்து சி லின் பிக்குணி மடமும். மடம் 1998இல் தாங் அரசுகால முறையில் மரத்தால் மீண்டும் எழுப்பியது. ஆணி இல்லாமல் மரத்தோடு மரம் கோத்த பொருத்துகள். தாழ்வாரத்தில் நின்று கூரையின் அடியில் அடுக்கடுக்காக வரும் தாங்கிகளைப் பாருங்கள், ஒன்று மற்றொன்றை எப்படிச் சுமக்கிறது என்பது கண்ணுக்கே தெரியும். இரண்டுக்கும் கட்டணம் இல்லை. தோட்டத்து அருவிக்குப் பின்னால் மடம் சார்ந்த சைவ உணவகம் இருக்கிறது, காளான், டோஃபு, தாமரைத்தண்டு எல்லாம் அருமை. 12 மணிக்கே போய்விடுங்கள்.

நம்மூர்ச் சாப்பாடு தேவைப்பட்டால் நேதன் ரோட்டில் சுங்கிங் மேன்ஷன்ஸ். 1961இல் கட்டிய 17 மாடி, ஏ முதல் ஈ வரை ஐந்து பிளாக். பிளாக்குக்குப் பிளாக் தனி லிஃப்ட், பிளாக் எழுத்தைத் தெரிந்துகொள்ளாமல் மேலே போனால் வேறெங்கோ நிற்பீர்கள். வாசலில் கையைப் பிடித்து அழைப்பவர்களைத் தாண்டிப் போய்விடுங்கள். பக்கத்திலேயே காவுலூன் பள்ளிவாசல். ரத்தின வணிகத்துக்காகக் காயல்பட்டினத்திலிருந்து வந்த தமிழர்கள் இந்தப் பகுதியில் உண்டு, தெருவில் தமிழ் காதில் விழுந்தால் வியக்க வேண்டாம்.

மூன்றாம் நாள் லாந்தாவ் தீவு. துங் சுங்கிலிருந்து கேபிள் கார் 5.7 கிலோமீட்டர், 25 நிமிடம். பராமரிப்புக்காகச் சில நாட்கள் மூடுவார்கள், காற்று பலமானாலும் நிறுத்துவார்கள். சீட்டு வாங்கும் முன் தேதியைப் பாருங்கள். நின்றுவிட்டால் 23ஆம் எண் பேருந்து. மேலே 34 மீட்டர் வெண்கலப் புத்தர், 268 படி. முழங்கால் வலி இருந்தால் ஏற வேண்டியதில்லை, கீழே வட்ட மேடையிலிருந்தே முகம் நன்றாகத் தெரியும். எதிரே போ லின் மடத்தில் சைவச் சாப்பாடு, அப்பாவுக்கு அன்றும் கவலையில்லை. பிறகு 21ஆம் எண் பேருந்தில் தாய் ஓ மீனவர் ஊர், தண்ணீரில் கால் நட்டு நிற்கும் வீடுகள். இறால் விழுது காயும் வாசனை அப்பாவுக்கு ஒத்துக்கொள்ளாமல் போகலாம், அரை மணியில் 11ஆம் எண்ணில் துங் சுங் திரும்பிவிடுங்கள்.

டிஸ்னிலேண்டும் ஓஷன் பார்க்கும் ஆளுக்கொரு முழு நாளை விழுங்கும். மூன்று நாளில் இரண்டையும் விடலாம். எம்+ அருங்காட்சியகம் பார்க்க ஆசையிருந்தால் திங்கள்கிழமை மட்டும் போகாதீர்கள், விடுமுறை.